நாய்க்கு வலிப்பு, தள்ளாட்டம், திடீர் சரிவு: காரணம் தெரியாதபோது எந்த வரிசையில் தேடுவது

எங்கள் நாய் மணி ஒன்பது வயதில் திடீர் திடீரெனப் பின்னங்கால் துவண்டு விழ ஆரம்பித்தான். நான்கு மாதம், மூன்று டாக்டர்கள், தடிமனான ஒரு ஃபைல். கடைசியில் கோளாறு மூளையிலும் இல்லை, முதுகெலும்பிலும் இல்லை. அது எங்கே இருந்தது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று சிலர் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கூடப் போயிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கினார்கள். பரிசோதனைகள் நிறையச் செய்திருப்பார்கள், வரிசை மாறியிருக்கும்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அதற்கு வேண்டிய தடயங்களைக் கலைக்காமல் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

1. முதலில் உங்கள் கை பத்திரம்

நாயின் நடத்தை திடீரென்று மாறினால் எடுத்துப் பார்க்கவேண்டிய முதல் காகிதம் தடுப்பூசி அட்டை. வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய், அல்லது தவணை தவறிய நாய் என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை வெறிநோயையும் மனதில் வைத்தே தொடவேண்டும். நம் ஊரில் இது ஏட்டளவு எச்சரிக்கை இல்லை.

வெறிநோய் என்றதும் எல்லோரும் கடிக்கப் பாயும் நாயைத்தான் நினைக்கிறார்கள். சோர்ந்து மூலையில் ஒடுங்குகிற வகையும் உண்டு. தாடை தொங்கும், எச்சில் வழியும், தண்ணீர் விழுங்க முடியாது, குரைக்கும் குரல் மாறும். இதைப் பார்த்துவிட்டு "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு" என்று வாய்க்குள் கையை விடுவதுதான் நான் கேள்விப்பட்டதிலேயே ஆபத்தான தவறு. வாய்க்குள் கை வேண்டாம். குழந்தைகளை விலக்குங்கள். தனி அறையில் அடைத்துவிட்டு டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

கடியோ, காயத்தில் எச்சிலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். "நாய்க்கு என்னவென்று தெரியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. நாய் உயிரோடு இருக்கும்போது வெறிநோயை உறுதியாகச் சொல்லும் பரிசோதனை கிடையாது. இறந்தபின் மூளையைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள்.

2. எது காத்திருக்கும், எது காத்திருக்காது

நோட்டு, வீடியோ என்று பின்னால் நான் சொல்வதெல்லாம் கொஞ்சம் அவகாசம் இருக்கிற நாய்க்கு. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடுங்கள்.

ஒரே வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டுவது. 24 மணி நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் வலிப்பு. ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நினைவு திரும்பாமல் கிடப்பது. நேற்று நடந்த நாய் இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊர்வது, குறிப்பாகக் கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாதது. விஷம் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம். குட்டி போட்டுச் சில வாரமே ஆன தாய் நாய் நடுங்கி விறைப்பது. பால் கொடுக்கும் சின்ன நாய்களுக்கு ரத்தத்தில் கால்சியம் விழுந்துவிடும், சில மணி நேரத்தில் உயிர் போகும்.

வலிப்பு வரும்போது ஸ்பூனும் வேண்டாம், இரும்புச் சாவியும் வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் போகும். படிக்கட்டு, மேசை முனை பக்கத்தில் இருந்தால் நாயை மட்டும் அங்கிருந்து நகர்த்திவிட்டு, ஃபேனைப் போட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் 40 விநாடி பத்து நிமிடமாகத் தோன்றும். டாக்டர் மருந்தை முடிவு செய்வது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

3. வீடியோ, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்

டாக்டர் மேசைமேல் ஏறியதும் முக்கால்வாசி நாய்கள் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். நீங்கள் வாயால் சொல்வதை வைத்து வலிப்பா, மயக்கமா, வெறும் கனவா என்று பிரிக்க அவர் திணறுவார். முப்பது விநாடி வீடியோ அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

முழு உடம்பும் தெரிய எடுங்கள். அப்புறம் முகத்துக்கு வாருங்கள்: கண் திறந்திருக்கிறதா, கருவிழி ஒரு பக்கமாக அடித்து அடித்து ஓடுகிறதா, தாடை மெல்லுகிறதா. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்புகிறானா என்பது பதிவாகட்டும். முடிந்தபின் கேமராவை நிறுத்திவிடாதீர்கள், எழுந்து நடப்பதையும் எடுங்கள். வலிப்பு என்றால் அதன்பின் பல நிமிடங்கள், சமயத்தில் மணிக்கணக்கில், சுவரில் முட்டிக்கொண்டு, ஆளை அடையாளம் தெரியாமல் சுற்றுவான். இதயக் கோளாறால் வரும் மயக்கத்தில் பெரும்பாலும் துணிபோலத் துவண்டு விழுந்து ஒரு நிமிடத்துக்குள் எழுந்து வாலை ஆட்டுவான். முதலாவதற்கு மூளை, இரண்டாவதற்கு ஈசிஜி. போகிற பாதையே வேறு.

கனவா என்ற சந்தேகத்துக்கு ஒரு எளிய வழி: கொஞ்சம் தள்ளி நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். கனவென்றால் விழித்துக்கொள்வான்.

நடையை எடுக்கும்போது டைல்ஸ் தரையில் எடுக்காதீர்கள். நல்ல நாயே அதில் வழுக்கித் தள்ளாடும். மொட்டை மாடியோ சிமெண்ட் முற்றமோ போதும். மெதுவாக நடக்கவைத்து முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். ஓடும்போது மறைந்துவிடும் தள்ளாட்டம் மெது நடையில்தான் தெரியும்.

4. நோட்டுப் போடுங்கள், "கடைசிச் சாப்பாடு" என்ற கட்டத்தோடு

தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தான், நினைவு இருந்ததா, இயல்புக்கு வர எவ்வளவு நேரம், அன்று கொடுத்த மருந்து. இத்தனையும் எல்லோரும் எழுதுவார்கள். கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.

அந்த ஒரு கட்டம் நிறையச் சொல்லும். வெறும் வயிற்றில் மட்டும் வந்தால் ரத்தச் சர்க்கரை. குட்டி நாய் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் மந்தமாகிச் சுவரில் தலையை அழுத்தி நின்றால் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் பிறவி ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். ஓடியபின், இருமியபின் விழுந்தால் இதயம். நடக்க நடக்கத் துவண்டு, ஓய்வெடுத்ததும் சரியாகி, மறுபடி நடந்தால் துவண்டால் நரம்புக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கோளாறு. இப்படிப்பட்ட நாய் சாப்பாட்டை அப்படியே கக்குகிறதா என்பதையும் எழுதிவையுங்கள்.

எழுதும்போது நோயின் பெயரை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். "ஃபிட்ஸ் வந்தது" என்று எழுதினால் அடுத்த டாக்டரும் ஃபிட்ஸிலிருந்துதான் ஆரம்பிப்பார். "இடப்பக்கம் சரிந்தான், நான்கு காலும் சைக்கிள் மிதிப்பதுபோல அடித்தன, சிறுநீர் போனது, 70 விநாடி" என்று எழுதினால் அவர் தானே யோசிப்பார்.

5. வீட்டில் என்ன கிடந்தது, நீங்களே என்ன கொடுத்தீர்கள்

இந்தக் கேள்விக்குப் பலர் மழுப்புவார்கள், குற்றவுணர்வுதான் காரணம். ஆனால் பல ஆயிரம் மிச்சமாகும் இடம் இதுதான். கடந்த ஒரு மாதத்தில் நாயின் உடம்பில் பட்டது, வயிற்றில் போனது எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள்.

பட்டியலின் உச்சியில் வரவேண்டியவை உண்ணி மருந்துகள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போட்டால் தள்ளாட்டம், நடுக்கம், பார்வை மங்கல், மயக்கம் வரை போகும். கோலி (Collie) இன நாய்களுக்கும், அதே மரபணுக் குறை உள்ள மற்றவற்றுக்கும் சிறிய அளவே ஆபத்து. குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தைக் கெட்டியாகக் கலந்தாலும், நாய் அதை நக்கினாலும், தூங்கி வழிந்து தள்ளாடும். உண்ணிக்காகக் கொடுக்கும் ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் வகை மாத்திரைகள் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துப்போகின்றன என்றாலும், சிலவற்றுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. வலிப்பு வரலாறு உள்ள நாய்க்கு அவற்றைக் கொடுக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் தோட்டத்துப் பூச்சிமருந்து, எலி மருந்து, சர்க்கரை இல்லாத சூயிங்கம், டார்க் சாக்லேட், உங்கள் மாத்திரை டப்பா. பூச்சிமருந்தில் எச்சில் வழியும், தசை துடிக்கும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். காலி டப்பாவையோ கவரையோ கையோடு எடுத்துப்போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். தள்ளாடும் நாய்க்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும், உப்பே தனியாக வலிப்பைக் கிளப்பும்.

6. கோளாறு எந்த இடத்தில்?

நல்ல டாக்டர் நோய்க்கு முன்னால் இடத்தைத் தேடுவார். நரம்புப் பரிசோதனை என்று கண், முகம், கழுத்து, கால் எல்லாவற்றையும் வரிசையாகத் தொட்டுப் பார்ப்பார். இருபது நிமிடம் ஆகும், கருவி அதிகம் தேவையில்லை. இதைச் செய்யாமலே ஸ்கேனுக்கு எழுதினால் "முதலில் நரம்புப் பரிசோதனை செய்யலாமா டாக்டர்?" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். எந்தப் பகுதியை ஸ்கேன் எடுப்பது என்பதே இதை வைத்துத்தான் முடிவாகும்.

வீட்டிலேயே சில குறிகளைக் கவனிக்கலாம். முன்பாதி நன்றாக இருந்து பின்பாதி மட்டும் தள்ளாடினால் தோளுக்குப் பின்னால் உள்ள முதுகுத்தண்டு. டாக்ஸ்ஹண்ட் வளர்ப்பவர்கள் வட்டு நழுவுவதை முதலில் நினைக்கவேண்டும். நடந்தபின் நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருந்தால் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு குறைந்திருக்கிறது. நிற்கும்போது பாதத்தை மெல்ல மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வைத்தால் நல்ல நாய் உடனே திருப்பி வைக்கும். கழுத்தோ முதுகோ வலிக்கிற நாயிடம் இதை முயலவேண்டாம்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் ஓடி, அந்தப் பக்கமே விழுந்தால் சமநிலை உறுப்பு. வயதான நாய்க்கு இப்படி ஆனதும் "பக்கவாதம், இனி அவ்வளவுதான்" என்று கருணைக்கொலை வரை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதிய நாய்களுக்குக் காரணமே தெரியாமல் வரும் ஒரு வகை, இரண்டு மூன்று நாளில் தேற ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் ஏறக்குறைய சரியாகிவிடும். ஆனால் காதுக்குள் கருவி வைத்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. காதுச் சீழ் உள்ளே இறங்கினாலும் இதே அறிகுறிதான். செவிப்பறை கிழிந்திருந்தால் சில காதுச் சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே கெடுக்கும், அதனால் பார்க்காமல் சொட்டு விடக்கூடாது. கண் மேலும் கீழுமாக ஓடினாலோ, கூடவே கால் உணர்வும் குறைந்தாலோ கோளாறு மூளைக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் மூளைக் கோளாறு அல்ல. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.

7. முதல் சுற்று ரத்தம்: மருந்துக்கு முன்னால் எடுக்கவேண்டியது

ரத்த அணுக்கள், ரத்தப்பூச்சு (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), சர்க்கரை, கால்சியம், சோடியம், பொட்டாசியம், கல்லீரல், சிறுநீரகம், கூடவே சிறுநீர், வயதான நாய்க்கு ரத்த அழுத்தம். நரம்பு சம்பந்தப்பட்டது போலத் தெரிவதில் கணிசமானவை இங்கேயே பிடிபடும். ஸ்கேனோடு ஒப்பிட்டால் செலவும் கொஞ்சம்தான்.

ரத்தம் எடுக்கும்வரை ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் தவிர. ஸ்டீராய்டு கல்லீரல் எண்களை ஏற்றும், தைராய்டை இறக்கும், மூளை வீக்கத்தை மறைக்கும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தபின் உண்ணிக் காய்ச்சலுக்குப் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

இப்போது மணியின் கதை. அவனுக்கு மூன்று முறை சர்க்கரை பார்த்தார்கள், மூன்றும் இயல்பு. மூன்றும் மாலையில், நான் ஆபீஸ் விட்டு வந்து, அவன் சாப்பிட்டபின் கூட்டிப்போன நேரங்கள். கடைசியில் மூளை எம்ஆர்ஐக்கு நாள் குறித்தோம். மயக்க மருந்துக்காக இரவிலிருந்து பட்டினி. காலையில் மயக்கம் கொடுக்குமுன் வழக்கமாகப் பார்க்கும் ரத்தத்தில் சர்க்கரை 42. ஸ்கேன் ரத்து. அதே ரத்தத்தில் இன்சுலின் பார்த்தார்கள், சர்க்கரை அவ்வளவு இறங்கியும் இன்சுலின் குறையாமல் நின்றது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி. அவன் விழுந்ததெல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், அல்லது தெருவில் ஓடிவிட்டு வந்தபின். நோட்டில் அந்தக் கட்டம் இருந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

எனவே அறிகுறி எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்து ரத்தம் வேண்டும். சர்க்கரையைக் குளுக்கோமீட்டரில் அங்கேயே பாருங்கள், அல்லது ஃப்ளூரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயில் அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணக் குழாயில் வைத்து மனிதர்களுக்கான லேபுக்குப் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், பொய்யாகக் குறைந்து காட்டும். சர்க்கரை குறைவு என்று சந்தேகிக்கும் நாயையும், சின்ன இனக் குட்டியையும் வீட்டில் நீங்களாகப் பட்டினி போடாதீர்கள். டாக்டர் கண்முன் நடக்கவேண்டிய பரிசோதனை அது.

8. இரண்டாம் சுற்று: நம் ஊர்க் கிருமிகள்

வெயில் ஊரில் பழுப்பு உண்ணி வருடம் முழுக்க இருக்கும். அது பரப்பும் எர்லிக்கியா பொதுவாகக் காய்ச்சல், பசியின்மை, தட்டணுக் குறைவு என்று வரும், சில நாய்களில் மூளை உறையையும் தாக்கும். பத்து நிமிடத்தில் கோடு விழும் கிட் கிருமியைக் காட்டுவதில்லை, அதை எதிர்க்க உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் கோடு விழும். அதனால் கோடு விழுந்ததுமே "காரணம் கிடைத்தது" என்று தேடலை நிறுத்திவிடாதீர்கள். தட்டணு எண்ணிக்கையோடும் பிசிஆரோடும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

தடுப்பூசி முழுதாகப் போடாத இளம் நாய்க்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். முதலில் கண்ணில் பீளை, சளி, பேதி. சரியானதுபோல் இருந்து, வாரங்கள் கழித்து நரம்பைத் தாக்கும். காலோ தாடையோ ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டே இருக்கும், தூக்கத்தில்கூட நிற்காது. மூக்கு நுனியும் பாதமும் தடித்துப்போயிருக்கும். முந்தைய அந்தச் சளியைப் பற்றி டாக்டரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்து. சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள், பரிசோதனை முடிவை அது குழப்பும்.

9. ஸ்கேன் எப்போது

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். மூளையும் முதுகுத்தண்டின் நரம்பும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்பது முதுகுத்தண்டு நார்மல் என்று ஆகாது. சிடி எலும்புக்கும் ரத்தக்கசிவுக்கும் வேகமானது. மூளைத் திசுவுக்கு எம்ஆர்ஐ. முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கவேண்டும், அதனால் முதல் சுற்று ரத்தம் முடியாமல் இங்கே வரக்கூடாது. வயதான நாய்க்கு மார்பு எக்ஸ்ரேயும் முன்பே எடுத்துவிடுங்கள். நுரையீரலில் கட்டி பரவியிருந்தால் எம்ஆர்ஐக்கு அவசியமே இருக்காது.

நாள் குறிக்குமுன் கேட்கவேண்டியவை: எந்தப் பகுதி, படத்தைப் படிப்பது கால்நடைப் படங்களில் பழக்கமுள்ளவரா, படக் கோப்புகளை முழுதாகத் தருவார்களா, அதே மயக்கத்தில் தண்டுவட நீர் எடுக்கும் திட்டம் உண்டா. தண்டுவட நீரை ஸ்கேனுக்குப் பின் எடுப்பதுதான் பொதுவான வரிசை. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது தெரியாமல் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. உள்ளூரில் வசதி இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் இருக்கின்றன. ஃபைலைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கச் சுருக்கம் வைத்துக் கொண்டுபோங்கள்.

10. எதுவும் கிடைக்காவிட்டால்

முதல் வலிப்பு 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் நடுவில் வந்து, வலிப்புகளுக்கு இடையில் நாய் முழுக்க இயல்பாக இருந்து, நரம்புப் பரிசோதனையும் ரத்தமும் சுத்தமாக இருந்தால், காரணம் தெரியாத பரம்பரை வகை வலிப்பு என்று வைத்து வைத்தியம் தொடங்குவது முறையானதுதான். அந்த வயதுக்கு வெளியே முதல் வலிப்பு வந்தாலோ, நடுவில் தள்ளாட்டம் இருந்தாலோ அந்த முடிவுக்கு வர அவசரப்படவேண்டாம்.

"மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று முடிவானால் ஒரு நேரத்தில் ஒரே மருந்து, தொடங்கிய தேதி நோட்டில். ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் வலிப்பு மருந்தும் ஒரே நாளில் ஆரம்பித்து நாய் தேறிவிட்டால் எது வேலை செய்தது, எதை நிறுத்தலாம் என்று யாருக்கும் தெரியாது.

ஃபீனோபார்பிட்டால் கொடுத்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கவேண்டும். முதல் வாரத் தூக்கமும் தள்ளாட்டமும் மருந்தால்தான், நோய் முற்றியதால் அல்ல. வலிப்பு நின்றுவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். ஊருக்குப் போகும்போது பத்து நாள் மாத்திரை கூடுதலாகப் பையில் இருக்கட்டும். இது ஷெட்யூல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் கடையில் தரவேண்டிய மருந்து.